திருத்தப்பட்ட பாஷை

ஒரு பாஷையைப் பிடிக்காத அரசாங்கத்துக்கு முன்னே இரண்டு வழிகள் உண்டு. அந்தப் பாஷையில் புத்தகம் அச்சிடக்கூடாது, நாடகம் ஆடக்கூடாது, பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கக்கூடாது என்று ஆக்ஞை பிறப்பிப்பது ஒரு வழி. புத்தகமும் அச்சிடலாம், நாடகமும் ஆடலாம், பள்ளிக்கூடமும் தாராளமாக நடத்தலாம், ஆனால் எந்தச் சொல்லை எழுதுவது, எந்த எழுத்தை விட்டுவிடுவது என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம் என்று எழுதுகிறவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வது மற்றொரு வழி. முதல் வழியின் கொடுமை எவர் கண்ணுக்கும் தெரியும். சரித்திரக்காரர்களும் அதைத்தான் விஸ்தாரமாக எழுதுகிறார்கள். இரண்டாவது வழியில் ஆரவாரம் இல்லை, அச்சுக்கூடத்துக்குப் பூட்டு இல்லை, அகராதி மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே வரும். இந்த இரண்டு வழிகளையும் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் அனுபவித்துப் பார்த்த பாஷை உக்ரேனிய பாஷை. இரண்டில் எது அதிக சேதம் விளைத்தது என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஸ்லாவிய பாஷைகளை மூன்று கிளையாகப் பிரிப்பது பாஷா சாஸ்திரிகளின் வழக்கம். மேற்கே போலிஷ், செக், ஸ்லோவாக் முதலியன. தெற்கே பல்கேரியம், ஸெர்பியம், குரோஷியம், ஸ்லோவேனியம் முதலியன. கிழக்கே ருஷ்யம், பேலருஷ்யம், உக்ரேனியம். இந்தப் பிரிவினை தவறானது அன்று; ஆனாலும் கார்பாத்திய மலைச்சாரலில் தொடங்கி ஊர் ஊராகக் கிழக்கு நோக்கி நடந்து போகிற ஒருவனுக்கு, எந்த வேலியில் ஸ்லோவாக் முடிந்து எந்த வாய்க்காலில் உக்ரேனியம் ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியாது; வடக்கே போலிஸ்ஸியா சதுப்பு நிலத்துக் கிராமங்களில் உக்ரேனியம் எங்கே பேலருஷ்யமாகிறது என்பதும் அப்படித்தான். கான்ஸ்தந்தீன் டிஷ்சென்கோ என்ற கீவ் நகரத்துப் பாஷா சாஸ்திரியின் கணக்குப்படி, உக்ரேனியச் சொற்களில் 84 சதவிகிதம் பேலருஷ்யத்துக்கும், 70 சதவிகிதம் போலிஷுக்கும், 62 சதவிகிதம் ருஷ்யத்துக்கும் பொதுவானவை. இத்தகைய சதவிகிதங்கள் எந்தச் சொற்களை எடுத்து எண்ணினோம் என்பதைப் பொறுத்தவை. ஆகையால் அவற்றின் மேல் ஒரு வாதத்தைக் கட்டி எழுப்ப எனக்கு விருப்பமில்லை. என்றாலும், உக்ரேனியம் ருஷ்யத்தின் ஒரு கிராமியப் பேச்சு என்று நீண்ட காலம் சொல்லிவந்தவர்கள், அதற்கு மிக நெருங்கிய உறவு பேலருஷ்யம் என்பதையும், சொல் வளத்தில் போலிஷ் ருஷ்யத்தைவிட அதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் எவ்விதம் மறந்தார்கள் என்று ஆச்சரியப்படாமல் இருக்க முடியவில்லை.

ஒலியிலும் இலக்கணத்திலும் அதற்குச் சொந்தமான லட்சணங்கள் உண்டு. மெய்யெழுத்தில் முடியும் அசையில் பழைய ஒகரமும் எகரமும் உக்ரேனியத்தில் இகரமாகிவிட்டன. அதனால் பூனைக்கு எழுவாயில் 'கித்' என்றும், அசை திறந்தவுடன் வேற்றுமையில் 'கொத்தா' என்றும் உருவம் மாறுகிறது. ருஷ்யத்தில் எங்கும் ஒகரமே. ருஷ்யர்கள் தங்கம் என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் ககரத்தைப் போல உச்சரிக்கிற எழுத்தை உக்ரேனியர்கள், செக்குக்காரர்களையும் ஸ்லோவாக்கியரையும் போல, ஹகரமாக உச்சரிக்கிறார்கள்; பொல்தாவா மாகாணத்தில் பிறந்து ருஷ்ய இலக்கியத்தின் சிகரங்களில் ஒருவராக நாம் அறிந்திருக்கும் கோகோல், அவர் பிறந்த ஊர்க்காரர்கள் வாயில் ஹோஹோல். எதிர்காலத்தைத் துணைவினையின்றி வினைச்சொல்லின் விகுதியிலேயே காட்டும் ஒரு தனி அமைப்பு இந்தப் பாஷையின் விசேஷம். ருஷ்யம் ஏறத்தாழ முழுவதும் கைவிட்டுவிட்ட விளி வேற்றுமை இங்கே நித்தியப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. தாயையோ நண்பனையோ கடவுளையோ கூப்பிடும்போது பெயரின் ஈறு திரியும். விளியை எட்டாம் வேற்றுமையாக எண்ணிப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. கூரை, சாயம், காகிதம், சர்க்கரை ஆகியவற்றுக்கெல்லாம் வழங்கும் சொற்கள் ஜெர்மனியிலிருந்து போலந்து வழியாக வந்தவை. குதிரைப் படையோடும் சந்தையோடும் சேர்ந்த பல சொற்கள் துருக்கியத் தொடர்பால் வந்தவை. மாதங்களுக்கு ருஷ்யர்கள் லத்தீன் பெயர்களை ஏற்றுக்கொண்டுவிட, உக்ரேனியர்கள் பருவத்தையும் செடி கொடியையும் வைத்து இட்ட பழைய ஸ்லாவியப் பெயர்களையே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

இதன் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 863-ஆம் ஆண்டில் மொராவிய நாட்டுக்குப் புறப்பட்ட ஸிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் ஸ்லாவியர்களுக்கு லிபியும் வேத பாஷையும் வகுத்தார்கள். 988-இல் கீவ் அரசன் வொலொதிமிர் ஞானஸ்நானம் பெற்றபோது அந்த வேத பாஷை, பல்கேரியச் சாயலோடு, கீவுக்கு வந்து சேர்ந்தது. கோவிலில் ஒரு பாஷை, வீட்டில் ஒரு பாஷை என்ற நிலை அன்று தொடங்கியது. வீட்டில் பேசியது எல்லாக் கிழக்கு ஸ்லாவியருக்கும் பொதுவான ஒரே பாஷைதானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. கார்கிவில் வளர்ந்து, பிற்காலத்தில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த யூரி ஷெவெல்யோவ், அப்படி ஒரு பொதுப் பாஷை என்றுமே இருந்ததில்லை என்று 1979-இல் வெளியிட்ட தமது ஒலியியல் சரித்திரத்தில் வாதித்தார். 1240-இல் மங்கோலியர் கீவை அழித்த பின் அந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி லிதுவேனியப் பிரபுக்களின் ஆட்சிக்குள் போயிற்று. ஆண்டவர்கள் தங்கள் பாஷையை ஜனங்கள் மேல் சுமத்தாமல், ஆளப்பட்டவர்களின் ருத்தேனிய பாஷையிலேயே கச்சேரி நடத்தி, 1529, 1566, 1588 ஆகிய மூன்று தடவையும் தங்கள் சட்டத் தொகுப்புகளை அதிலேயே எழுதினார்கள். உக்ரேனியரும் பேலருஷ்யரும் இருவருமே உரிமை கொண்டாடும் சொத்து அது. 1556-க்கும் 1561-க்கும் இடையில் ஜனங்களின் பேச்சை ஒட்டி எழுதப்பட்ட பெரெசொப்னித்ஸியா சுவிசேஷப் பிரதியின் மேல் கை வைத்துத்தான் இன்று உக்ரேன் ஜனாதிபதிகள் பிரமாணம் செய்கிறார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மெலெத்தி ஸ்மொத்ரிட்ஸ்கி என்ற பண்டிதர் 1619-இல் ஸ்லாவிய வேத பாஷைக்கு ஒரு வியாகரணம் அச்சிட்டார். ஹகரத்திலிருந்து ககரத்தைப் பிரித்துக் காட்ட, மேலே ஒரு கொம்பு முளைத்த தனி எழுத்தை அதிலே நுழைத்தார். அந்த வியாகரணம் 1648-இல் மாஸ்கோவில் மறுபடி அச்சாகி, நூறு வருஷத்துக்கு மேல் ருஷ்யர்களுக்குப் பாட புத்தகமாக இருந்தது. ருஷ்ய இலக்கணத்தின் தந்தை என்று போற்றப்படும் லொமனோசொவ் தமது வித்தையின் வாசல்களில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டிருக்கிறார். அதாவது, இலக்கணம் இல்லாத கிராமியப் பேச்சு என்று பின்னால் வர்ணிக்கப்பட்ட பிரதேசத்திலிருந்துதான் இலக்கணம் மாஸ்கோவுக்குப் போயிற்று. 1720-இல் மகா பீட்டர், கீவ், செர்னிஹிவ் மடங்களின் அச்சுக்கூடங்கள் பழைய வேதப் புத்தகங்களைத் தவிர வேறெதையும் அச்சிடலாகாது, அவையும் ருஷ்யப் பிரதிகளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது அந்தப் பழைய எழுத்துப் பாஷை மெல்ல க்ஷீணித்தது.

நவீன உக்ரேனியம் பிறந்தது ஒரு பரிகாச காவியத்தில். வர்ஜில் கவியின் ஏனியஸ் கதாபாத்திரத்தைக் கோஸக்கு வீரனாக்கி, குடியும் கூத்துமாக அலையவிட்டு, பொல்தாவா நகரத்து இவான் கோட்லியாரெவ்ஸ்கி எழுதிய 'ஏனெயிதா'வின் முதல் மூன்று காண்டங்கள் அவர் அனுமதியில்லாமலே 1798-இல் பீட்டர்ஸ்பர்கில் அச்சாயின. சிரிப்பதற்கு மட்டும் தகுந்த பாஷை என்று கனவான்கள் அதைப் படித்து ரசித்தார்கள். 1818-இல் முதல் இலக்கணம் எழுதிய பாவ்லொவ்ஸ்கியும், மறைந்துகொண்டிருக்கும் ஒரு பேச்சு வழக்கைப் பதிவு செய்வதாகவே எண்ணி எழுதினார். இருபத்திரண்டு வருஷம் கழித்து, பண்ணையடிமையாகப் பிறந்து, ஓவியர் ப்ரியுல்லொவ் தீட்டிய ஒரு சித்திரத்தைக் குலுக்கலில் விட்டுச் சேர்த்த 2,500 ரூபிள் கொடுத்து விடுவிக்கப்பட்ட தராஸ் ஷெவ்சென்கோ என்ற இளைஞர் 'கொப்ஸார்' என்ற சிறு கவிதைத் தொகுதியை வெளியிட்டார். சோகத்தையும் ரௌத்திரத்தையும் அந்தப் பாஷை தாங்கும் என்பது அதன் பிறகு எவருக்கும் சந்தேகமில்லை. 1847-இல் அவரைக் கைது செய்து ஓரன்பர்க் எல்லைப் படைக்குச் சிப்பாயாக அனுப்பியபோது, எழுதவும் படம் வரையவும் கூடாது என்று நிக்கலாஸ் சக்ரவர்த்தி தம் கைப்படத் தண்டனைக் குறிப்பில் சேர்த்தார். அவர் சின்னஞ்சிறு நோட்டுகளைக் காலணிக்குள் மறைத்துக்கொண்டு எழுதினார். இதே ஷெவ்சென்கோ தமது நாட்குறிப்பையும் வசன கதைகளையும் ருஷ்யத்தில் எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீரவழிபாட்டுக்காரர்கள் இதை மென்று விழுங்கிவிடுகிறார்கள்.

இனித் தடைகளின் காலம். 1863-இல் போலந்து கலகம் செய்துகொண்டிருந்த சமயத்தில், உள்நாட்டு மந்திரி வலூயெவ் தணிக்கை அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சின்ன ருஷ்ய பாஷை (உக்ரேனியத்துக்கு அவர்கள் இட்ட பெயர்) என்று தனியாக ஒன்று இருந்ததில்லை, இருக்கவில்லை, இருக்கவும் முடியாது என்பது அதன் பிரசித்தமான வாசகம். அதையும் தமது அபிப்பிராயமாகச் சொல்லாமல், அந்த ஜனங்களில் பெரும்பாலோரே அப்படிச் சொல்வதாக எழுதிய சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். கதை, கவிதைக்குத் தடையில்லை. பாமரர் படிக்கக்கூடிய வேதப் புத்தகத்துக்கும் பாலபாடத்துக்கும்தான் தடை. கல்வி மந்திரி கொலொவ்னின் ஆட்சேபித்தும் பயனில்லை. 1876-இல் இரண்டாம் அலெக்ஸாண்டர் ஜெர்மனியில் எம்ஸ் என்ற ஊற்று நீர் ஸ்தலத்தில் சௌக்கியத்துக்காகத் தங்கியிருந்தபோது கையெழுத்திட்ட உத்தரவு இதைவிடக் கடுமையானது: வெளிநாட்டிலிருந்து உக்ரேனியப் புத்தகம் கொண்டுவரக் கூடாது, மொழிபெயர்ப்பு கூடாது, நாடகம் கூடாது, இசைக் குறிப்புக்குக் கீழே பாட்டின் சொற்களைக்கூட அச்சிடக் கூடாது, கதை, கவிதை அனுமதிக்கப்பட்டாலும் ருஷ்ய எழுத்து முறையில்தான் எழுத வேண்டும். இதிலும் ஒரு விநோதம், 1897-இல் அதே அரசாங்கம் எடுத்த குடிமதிப்பில், 'இல்லாத' அந்தப் பாஷையைத் தாய்பாஷையாகச் சொன்னவர்கள் 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல்.

ஆனால் இந்தத் தடைகளெல்லாம் பாஷையின் வாசலில் காவல் நின்றன, உள்ளே வரவில்லை. எந்தச் சொல் நல்லது, எந்த வேற்றுமை உருபு சரி என்பதில் தணிக்கை அதிகாரிக்கு அக்கறையே இல்லை. அத்துடன் உக்ரேனியத்துக்கு வேறொரு வீடும் இருந்தது. ஆஸ்திரிய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்ட கலீசியாவில், லிவிவ் நகரத்தில், 1868-இல் 'ப்ரொஸ்வித்தா' என்ற கல்விச் சங்கமும் 1873-இல் ஷெவ்சென்கோவின் பேரால் ஒரு வித்வத் சங்கமும் எழுந்தன. கீவில் அச்சிட முடியாததைக் கீவ்காரர்கள் லிவிவுக்கு அனுப்பினார்கள். வேலையை இழந்த பேராசிரியர் த்ரஹொமானொவ் ஜெனீவாவில் பத்திரிகை நடத்தினார். பாண்டெலெய்மோன் குலிஷ் தொடங்கி வைக்க, மின்சாரக் கதிர்களை ஆராய்ந்த பௌதிக சாஸ்திரி இவான் பூலுய் கூட உழைத்து, நாவலாசிரியர் நெச்சூய் லெவித்ஸ்கி பூர்த்தி செய்த முழு பைபிள் மொழிபெயர்ப்பு 1903-இல் வியன்னாவில் வெளிவந்தது. 1905-இல் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞான அகாடமியே, ஷாஹ்மதொவ் முதலிய ருஷ்யப் பண்டிதர்களின் முயற்சியால், உக்ரேனியம் தனிப் பாஷை, தடைகள் நீங்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த சில வருஷங்களில் போரிஸ் ஹ்ரின்சென்கோ 68,000 சொற்களோடு நான்கு தொகுதியாக அகராதியை வெளியிட்டார். எம்ஸ் உத்தரவையும் மீறி இவ்வளவும் நடந்தது என்றால், அந்த உத்தரவு தோல்வியடைந்தது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழி வேறு விதமாக ஆரம்பித்தது. அதன் தொடக்கம் மங்களகரமாகவே இருந்தது. 1923 முதல் சோவியத் அரசாங்கம் உக்ரேனியமயமாக்கல் என்ற கொள்கையை மேற்கொண்டு, அலுவலகத்திலும் பள்ளியிலும் பத்திரிகையிலும் உக்ரேனியத்தைப் புகுத்தியது. கல்வி கமிஸாராக இருந்த மிக்கோலா ஸ்க்ரிப்னிக் பழைய போல்ஷெவிக், லெனினோடு பழகியவர். 1927-இல் அவர் கார்கிவில் எழுத்து முறையை நிர்ணயிக்க ஒரு மகாநாடு கூட்டினார். எல்லைக்கு அப்பால், அப்போது போலந்தின் கீழ் இருந்த லிவிவிலிருந்தும் பண்டிதர்களை அழைத்தார். இரண்டு ராஜ்யங்களில் பிரிந்து கிடந்த ஒரே ஜனம் ஒரே மேஜையில் உட்கார்ந்து தன் எழுத்தைப் பற்றிப் பேசியது இது முதல் தடவை. சச்சரவுக்கும் குறைவில்லை. அந்நியச் சொற்களைக் கிழக்கத்தியர் ஒரு மாதிரியும் மேற்கத்தியர் ஒரு மாதிரியும் எழுதிவந்ததால், கிரேக்க வழியாக வந்தவற்றைக் கிழக்கு வழக்கப்படியும், மேற்கு ஐரோப்பிய வழியாக வந்தவற்றைக் கலீசிய வழக்கப்படியும் எழுதுவதென்று சமாதானம் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு சொல்லின் பூர்வோத்தரமும் தெரிந்தால்தான் பிழையின்றி எழுத முடியும் என்ற இந்த ஏற்பாடு பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிய தலைவலி. ஆனாலும் அது அவர்களே தேடிக்கொண்ட தலைவலி. 1928-இல் அங்கீகாரம் பெற்ற அந்த விதிகளில் ஸ்மொத்ரிட்ஸ்கியின் கொம்பு முளைத்த ககரத்துக்குக் கௌரவமான இடம் கிடைத்தது.

1933-இல் எல்லாம் தலைகீழாயிற்று. லட்சக்கணக்கான குடியானவர்கள் பட்டினியால் மாண்டுகொண்டிருந்த அதே மாதங்களில், கார்கிவில் ஒரு கமிஷன் உட்கார்ந்து எழுத்து முறையைத் திருத்தியது. தலைமை வகித்த அந்திரி ஹ்வில்யா, பாஷை முனையில் தேசியவாத வேர்களைக் களைந்தெறிய வேண்டும் என்ற கருத்தையே தலைப்பாக வைத்து ஒரு பிரசுரம் எழுதினார். ஸ்க்ரிப்னிக் மேல் சாட்டிய குற்றங்களில், ககரத்துக்குத் தனி எழுத்து வைத்ததும் ஒன்று. உக்ரேனியத்தை ருஷ்யத்திலிருந்து பிரித்துப் போலந்துப் பிரபுக்களுக்கு அருகில் கொண்டுபோகும் சதியாம் அது. ஜூலை 7-ஆம் தேதி அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அந்த எழுத்து அரிச்சுவடியிலிருந்து நீக்கப்பட்டது. வீட்டுத் திண்ணைக்கும் சட்டைப் பொத்தானுக்கும் ஜனங்கள் வழக்கம்போல ககரத்தையே உச்சரித்தார்கள், எழுதும்போது மட்டும் ஹகரம். விளையாடுவதற்கும் சிறைக் கம்பிகளுக்கும் அந்த ஒரு எழுத்தே வித்தியாசம், அதுவும் போனதால் அச்சில் இரண்டும் ஒன்றாயின. ககரத்துக்குள் இத்தனை ஒலிகளை அடக்கிக்கொண்டு சௌக்கியமாக வாழும் தமிழர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். நம்முடைய எழுத்தை நமக்காக வேறு எவரும் குறைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

எழுத்தோடு காரியம் நிற்கவில்லை. பெண்பால் பெயர்களின் ஒரு வேற்றுமை உருபு ருஷ்யத்தை ஒட்டி மாறிற்று. விளக்குக்கும் சங்கத்துக்கும் வழங்கிய அந்நியச் சொற்களின் லகரம் ருஷ்ய லகரமாயிற்று. ஏதென்ஸ் நகரத்தின் பெயர்கூட ருஷ்ய உருவத்துக்கு மாறியது. 1934, 1935-இல் அகாடமி கலைச்சொல் பட்டியல்களை வெளியிட்டு, தாவர சாஸ்திரத்திலும் கணிதத்திலும் வைத்தியத்திலும் எந்தெந்தச் சொல்லை விட்டு அதற்குப் பதில் எந்தச் சொல்லை எழுத வேண்டும் என்று விதித்தது. பெரும்பாலும் புதிதாக வந்தது ருஷ்யச் சொல்லின் சாயல். விளி என்பது வேற்றுமை அன்று, வெறும் உருவம்தான் என்று சோவியத் இலக்கணங்கள் அதைப் பதவியிறக்கம் செய்தன. 1928 விதிகளைத் தொகுத்த ஓலெக்ஸா ஸின்யாவ்ஸ்கி 1937-இல் சுடப்பட்டார். திருத்திய ஹ்வில்யாவையும் 1938-இல் சுட்டார்கள்.

ஷெவெல்யோவ் இதைத்தான் சுட்டிக் காட்டினார்: ஜார் அரசோ, போலந்தோ, ருமேனியாவோ பாஷையை வெளியிலிருந்துதான் நெருக்கின, அதன் உள்விதிகளிலேயே கை வைத்து, அகராதியையும் உருபுகளையும் ஒலியையும் ஆக்ஞையால் மாற்ற முனைந்தது சோவியத் அரசாங்கம் ஒன்றே. இதன் விளைவு தடையின் விளைவைவிட நீண்டது. தடை செய்யப்பட்ட புத்தகத்தை வாசிக்கிறவனுக்குத் தான் இழந்தது இன்னதென்று தெரியும். திருத்திய அகராதியோடு பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு, தாத்தா பேசிய சொல் கொச்சையாகவும் ருஷ்யத்தின் நகல் நாகரிகமாகவும் தோன்றும். 1958-இல் வந்த கல்விச் சட்டம், பிள்ளை எந்தப் பாஷையில் படிப்பது என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டபோது, வேலையும் பதவியும் ருஷ்யத்தில் இருந்ததால் நகரத்துப் பெற்றோர் ருஷ்யத்தையே விரும்பினார்கள். கட்டாயமில்லாமலே காரியம் நடந்தது. 1965-இல் இவான் ஜூபா என்ற எழுத்தாளர் இதையெல்லாம் லெனின் வாக்கியங்களைக் கொண்டே கண்டித்துச் சர்வதேசியமா ருஷ்யமயமா என்று ஒரு நூல் எழுதிக் கைப்பிரதியாகப் பரப்பினார். இவ்வாறே எதிர்ப்புக் குரல் எழுப்பிய கவிஞர் வாசில் ஸ்தூஸ் 1985-இல் பெர்ம் பிரதேசத்துச் சிறை முகாமில் இறந்தார். கோதுமையும் வேறு தானியமும் கலந்த மாவுக்கு வழங்கும் ஸுர்ஜிக் என்ற பெயர், இரண்டு பாஷையும் கலந்த பேச்சுக்கு வழங்கலாயிற்று.

1989-இல் உக்ரேனியம் அரசு பாஷையாயிற்று. 1990-இல் கொம்பு முளைத்த எழுத்து அரிச்சுவடிக்குத் திரும்பியது. விளி வேற்றுமையும் தன் பழைய பட்டத்தைப் பெற்றது. 1996-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 10-ஆம் ஷரத்து அதன் நிலையை உறுதி செய்தது. 2019-இல் வந்த புதிய எழுத்து விதிகள் 1928 விதிகளில் சிலவற்றை, கட்டாயமாக அன்றி, இரட்டை வழக்காக அனுமதித்தன. 2021-இல் கீவ் நீதிமன்றம் ஒன்று அவற்றை ரத்து செய்ய, மேல் நீதிமன்றம் அதே வருஷம் மீட்டுக் கொடுத்தது. இதெல்லாம் நியாயமே. ஆனால் திருத்துகிற வழக்கமும் கூடவே தங்கிவிட்டதோ என்று ஐயம் எழுகிறது. ருஷ்யத்தோடு ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ருஷ்யம் வருவதற்கு முன்பே கிராமங்களில் வழங்கிய பழஞ்சொற்களையும் சிலர் களையெடுக்கிறார்கள். ஸுர்ஜிக் பேசும் கிழவியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மேற்கு மூலையில் ஹங்கேரிய பாஷை பேசும் சிறுபான்மையோரின் பள்ளிகளைப் பற்றி 2017-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் எழுப்பிய மனஸ்தாபத்தையும் ஒரேயடியாக அந்நியத் தூண்டுதல் என்று தள்ளிவிட முடியாது. அடிபட்ட பாஷைக்கும் பிறர் பாஷையின் வலி தானாகத் தெரிந்துவிடுவதில்லை.

திருத்தத்தின் நஷ்டத்தை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு புத்தகத்தைக் காட்டலாம். அரபியும் பாரசீகமும் துருக்கியும் கற்ற மகா பண்டிதர் அஹத்தாங்ஹெல் க்ரிம்ஸ்கி, கிரீமியத் தாத்தார் வம்சத் தந்தைக்கும் போலிஷ் தாய்க்கும் பிறந்து, தன் இஷ்டத்தால் உக்ரேனியரானவர்; 1918-இல் நிறுவப்பட்ட அகாடமியின் செயலாளராக இருந்து, சகாக்களோடு ஒரு பெரிய ருஷ்ய-உக்ரேனிய அகராதியைத் தொடங்கினார். முதல் தொகுதி 1924-இல் வந்தது. சகாக்களில் சிலர், 1930-இல் கார்கிவ் இசை நாடக மண்டபத்தில் 45 பேரை நிறுத்தி நடத்திய விசாரணையில் தண்டிக்கப்பட்டார்கள். க்ரிம்ஸ்கி 1942-இல் கஸாக்ஸ்தானத்துச் சிறை ஆஸ்பத்திரியில் காலமானார். அகராதியில் மூன்று தொகுதிகளே வெளிவந்தன. அவற்றை இன்று இணையத்தில் யாரும் புரட்டிப் பார்க்கலாம். ருஷ்ய அரிச்சுவடியில் பகரத்தோடு அது நின்றுவிடுகிறது. ரகரம் முதல் கடைசி எழுத்து வரை உள்ள நான்காம் தொகுதி அச்சேறவே இல்லை.